முழுக்கைச் சட்டை



சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டிக்கொண்டு திரிகிற ஒருவரை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் அது என் பெரியப்பா.

காச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. கரும்புக் கொல்லையில் இறங்கும்போது முழுக்கைச் சட்டை போடுவது எல்லோரும் செய்வதுதான். போடாவிட்டால் தோகை கையை அறுத்துவிடும். பெரியப்பா கல்யாணப் பந்தியிலும் அதே சட்டையில்தான் உட்காருவார். ரசம் ஊற்றும்போது கைவிளிம்பு நனைந்தாலும் மடிக்க மாட்டார்.

ஏனென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முழங்கை இரண்டிலும் சிவந்து தடித்த திட்டு. அதன் மேல் மீன் செதில் மாதிரி வெள்ளி நிறத்தில் பொருக்கு. முழங்காலிலும் தலையிலும் அதே கதை. தோகை கிழித்த இடமெல்லாம் இரண்டு வாரத்தில் கோடு கோடாக அதே தடிப்பு எழும்பிவிடும். விடிவதற்கு முன் பெரியம்மா எழுந்து, அவர் படுத்த பாயை உதறி, உதிர்ந்த செதிலைக் கூட்டி வாரிவிடுவார். வாசலில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும்.

வேலியோரத்து வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் திண்ணை வெயிலில் வைப்பார்கள். நாளாக ஆக எண்ணெய் நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாக மாறும். சின்ன வயதில் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதைத் தடவினால் அவருக்கு அரிப்பு அடங்கும், செதிலும் கொஞ்சம் குறையும்.

2009ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. கேஸ்தான் என்று சொல்லி சோடா வாங்கி வரச் சொன்னார். ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு வயது 52.

அவர் தோலையும் அந்த மாரடைப்பையும் சேர்த்து யோசிக்க அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோல் வேறு, நெஞ்சு வேறு என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இந்த மாதம் நான் உங்களிடம் பேச வந்தது அந்த நினைப்பைப் பற்றித்தான்.

பெரியப்பாவுக்கு இருந்தது சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். கிருமியால் வருவது இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில், 1841 வாக்கில், வியன்னாவைச் சேர்ந்த ஹீப்ரா என்ற மருத்துவர் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டார். அது நடந்து 180 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் ஊர் டீக்கடையில் இன்றும் சிலருக்கு மட்டும் தனி கிளாஸ் வைக்கிறார்கள் என்றால் அதை என்னவென்று சொல்வது?

உடம்பின் காவல் படையான எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து எதிரி வராதபோதே சண்டைக்குக் கிளம்பிவிடுவதுதான் இந்த நோய். சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கிற ஒரு செல் மேலே வந்து உதிர ஒரு மாதம் போல ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் நாலைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. பழையது உதிர்வதற்கு முன்பே புதியது வந்து குவிவதால்தான் தடிப்பும் செதிலும்.

எல்லாம் தோலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அந்தச் சண்டையை மூட்டுகிற ரசாயனங்கள் ரத்தத்திலும் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. இதை மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். அடிபட்ட விரல் வீங்கிச் சிவந்து சூடாகிறதே, அதே வேலை உள்ளே மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது மூட்டுகளைப் பிடிக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்களின் உள்சுவரையும் அது விட்டுவைப்பதில்லை.

மாரடைப்பு என்றால் தண்ணீர்க் குழாயில் அழுக்கு அடைப்பதைப் போல என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாதி சரி. குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு சில சமயம் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து பாதையை அடைத்துவிடுகிறது. கொழுப்பு படிவதற்கும், படிந்தது வெடிப்பதற்கும் துணை போவது இதே அழற்சிதான். முழங்கையில் வெளியே தெரிகிற சிவப்புக்கும், இதயக் குழாயில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற கோளாறுக்கும் உறவுமுறை இருப்பது இப்படித்தான்.

இது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இல்லை. சொரியாசிஸ்காரர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு கூடுதலாக வருகிறது என்று 1978லேயே மருத்துவ இதழில் எழுதினார்கள். 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் கெல்ஃபாண்ட் குழுவினர், பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் இருந்த பதிவேடுகளை எடுத்து அலசினார்கள். சொரியாசிஸ் உள்ளவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,31,000 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோய் இல்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர்.

என்ன தெரிந்தது? நோய் கடுமையாக இருக்கும் 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு ஆபத்து, அதே வயதில் நோய் இல்லாதவரைப் போல மூன்று மடங்கு. லேசாக இருக்கும் 30 வயதுக்காரருக்கு 29 சதவீதம் அதிகம். 60 வயதில் நோய் கடுமையாக உள்ளவருக்கு 36 சதவீதம், லேசாக உள்ளவருக்கு 8 சதவீதம்தான் அதிகம். புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இவ்வளவு மிஞ்சியது.

மூன்று மடங்கு என்றதும் பதறிவிடாதீர்கள். 30 வயதில் மாரடைப்பு வருவதே அபூர்வம். அபூர்வமானது மூன்று மடங்கானாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முழங்கையில் ஒரு ரூபாய் அளவுத் திட்டு இருப்பவர் இன்று இரவு தூங்காமல் கிடக்க வேண்டியதே இல்லை. உடம்பில் பெரும்பகுதி பரவியிருப்பவர்கள், சின்ன வயதிலேயே நோய் வந்தவர்கள், அதோடு பீடி, தொப்பை, சர்க்கரை என்று ஒன்றிரண்டு சேர்த்து வைத்திருப்பவர்கள்தான் இந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

2014இல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸுக்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. 2018இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் கொழுப்பு மாத்திரை யாருக்குத் தேவை என்று வழிகாட்டி எழுதியபோது, ஆபத்தைக் கூட்டும் காரணங்களின் பட்டியலில் சொரியாசிஸையும் சேர்த்தார்கள். அங்கே எழுதியது காச்சிராயபாளையம் வரைக்கும் வர எத்தனை நாள் ஆகும்? அதற்காகத்தான் நம்மைப் போன்ற பத்திரிகைகள் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். அவர் பீடி பிடிப்பார். அதனால் சொரியாசிஸ்தான் அவரைக் கொண்டுபோனது என்று சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. அந்த 52 வருஷத்தில் அவர் ஒருமுறைகூட பி.பி. பார்த்துக்கொண்டதில்லை.

ஏன் என்று பெரியம்மா பல வருடம் கழித்து ஒருநாள் சொன்னார். "பி.பி. பார்க்கணும்னா சட்டைக் கையை மேலே ஏத்தச் சொல்லுவாங்களேப்பா. நர்சம்மா முன்னாடி, பெஞ்சியில அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, அவரு எப்படி ஏத்துவாரு?"

அதைக் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன். ஊரில் கண் மருத்துவ முகாம், சர்க்கரை முகாம் என்று எது போட்டாலும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. முடிதிருத்தும் கடைக்குக்கூட போகாமல் பெரியம்மாவிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். சாயங்காலம் நாலு பேரோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதும் நின்றுபோனது. வெட்கம் அவரை வீட்டுக்குள் உட்கார வைத்தது. உட்கார்ந்ததில் எடை ஏறியது. எடை ஏறியதில் படையும் கூடியது. இந்த நோய் உள்ளவர்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. பாயை உதறிப் பொழுது விடிந்த அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, அதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவைப்படவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம். யாருக்காவது படை என்றால் உடனே கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, கரப்பான் பண்டம் எதுவும் ஆகாது என்று பெரிய பட்டியல் போட்டுவிடுவோம். ஊறுகாய், அப்பளம், எண்ணெய்ப் பலகாரம் இவற்றை யாரும் தடுப்பதில்லை. பீடியையும் தடுப்பதில்லை. பெரியப்பா 20 வருஷம் கத்தரிக்காய் சாப்பிடவில்லை. பீடிக்கட்டு மட்டும் கடைசி நாள் வரை சட்டைப் பையில் இருந்தது. கத்தரிக்காய் சாப்பிட்டு அரிப்பு கூடுவதாக ஒருவருக்குத் தோன்றினால் அவர் விட்டுவிடட்டும், தவறில்லை. முதலில் விட வேண்டியது எது என்று வீட்டில் சமைக்கிறவர்களுக்கும், கடைக்குப் போய் வாங்கி வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சாமையும் தினையும் விளைகிற கல்வராயன் மலை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கீரை, பயறு, கொஞ்சம் சிறுதானியம், குறைந்த உப்பு. எடை குறைந்தால் படையும் பலருக்குத் தணிகிறது, நெஞ்சுக்கும் நல்லது.

குடியைப் பற்றி கள்ளக்குறிச்சி மாவட்டத்து மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் விஷச்சாராயம் குடித்து இறந்தவர்களுக்காகக் கருணாபுரத்தில் வீதிக்கு வீதி பந்தல் போட்டிருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். குடி சொரியாசிஸைக் கிளறிவிடும். இந்த நோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகளோடு சேர்ந்தால் கல்லீரலையும் கெடுக்கும்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். விலை குறைவு, நல்ல மருந்து. ஆனால் சொரியாசிஸுக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பிள்ளைகள் யாராவது எடுத்துக் கொடுங்கள்.

ஊசி போட்டால் இரண்டே நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. பெயர் ஒட்டாத பொடியை டப்பாவில் போட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. பிழைப்புக்காக வெளி மாநிலத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும் மலைக்கிராமத்து ஆட்களுக்கு வழியில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அவ்வளவு சீக்கிரம் பளிச்சென்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். சட்டென நிறுத்தினால் படை முன்னைவிட மோசமாக உடம்பெல்லாம் பொங்கிவிடும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோமோ, அதே இதயத்துக்குத்தான் இதுவும் கேடு.

வெட்பாலைத் தைலத்தை நான் குறை சொல்லவில்லை. அது எங்கள் வீட்டில் ஒரு மனிதருக்கு இரவுத் தூக்கம் கொடுத்த எண்ணெய். படித்த சித்த மருத்துவரைப் பார்த்து அவர் சொல்கிறபடி பயன்படுத்துங்கள். தைலம் தோலைப் பார்த்துக்கொள்ளும். பி.பி.யையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அந்தப் பாட்டில் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

அது ஒன்றும் பெரிய செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை இரண்டும் காசில்லாமல் பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துக் கொழுப்பின் அளவும் பார்த்துவிடுங்கள். தையல் டேப் வீட்டில் இருந்தால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம் தேவை. பி.பி.க்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் "எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பி.பி.க்கும் படபடப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை சிலருக்குப் படையைக் கூட்டிவிடும். சொன்னால் அவர் வேறு மாத்திரை யோசிப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2009ஐ நினைத்தால் இன்று நிலைமை எவ்வளவோ மேல். அப்போது நாம் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலை. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனோம். 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். தோல் மருத்துவரைப் பார்க்க விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறிய காலம் போய்விட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்த உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை மலையில் இருக்கும் வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி கோமுகி அணையைத் தாண்டிக் கள்ளக்குறிச்சி வருவதற்குள் எத்தனை நேரம் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ இழுப்பது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது. இவை வந்தால் ஓமத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். 108க்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கேஸாக இருந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

மலையில் மார்கழி, தை மாதக் குளிரில் தோல் வறண்டு படை வெடித்துப் புண்ணாகும். அப்போது தோல் வலிதான் பெரிதாகத் தெரியும், நெஞ்சைப் பற்றிய நினைப்பே வராது. மலை மக்களிடம் வேலை செய்யும் செவிலியர்கள், அங்கன்வாடி அம்மாக்கள், பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால், தோலுக்கு மருந்து கேட்டு வருகிறவரிடம் பி.பி. பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சொரியாசிஸ் உள்ள மருமகளையோ மாமனாரையோ தனித் தட்டு, தனித் துண்டு என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். பெரியப்பாவோடு நாங்கள் யாரும் போகவில்லை. போயிருந்தால் அந்த பெஞ்சியில் அவர் தைரியமாக உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை நர்சம்மா பி.பி. பார்க்கும் கருவியை எடுக்கும்போது, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்